டிஸ்னி பார்க்காத ஏழு நாட்கள்

ஆர்லாண்டோ போய் ஏழு நாள் தங்கிவிட்டு டிஸ்னி வேர்ல்டைப் பார்க்காமல் திரும்பினோம் என்று சொன்னால், காலை நடையில் கூட வரும் நண்பர்கள் நம்ப மாட்டேன் என்கிறார்கள். ஒருவர், "திருப்பதிக்குப் போய்ப் பெருமாளைப் பார்க்காம லட்டு மட்டும் வாங்கிட்டு வந்த கதையால்ல இருக்கு சார்" என்றார். அந்த லட்டு ரொம்ப நன்றாக இருந்தது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

2017 ஏப்ரல். அட்லாண்டாவில் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கப் போயிருந்த எங்களுக்கு அது நாலாவது மாதம். பிள்ளைகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காலை ஏழரைக்கு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். மாலை ஆறரைக்குத் திரும்பி, சாப்பிட்டு, மறுபடி லேப்டாப்பைத் திறந்துவிடுவார்கள். சனி ஞாயிறு என்றால் துணி துவைக்க, காய்கறி வாங்க, பேத்தியை நடன வகுப்புக்கு ஓட்டிப் போக என்றே சரியாகப் போகும். யாரையும் குறை சொல்ல முடியாது, வாழ்க்கை அப்படி. ஆனால் என் வீட்டம்மா ஒரு நாள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு, "திருச்சியில இருந்தப்ப போன்ல அரை மணி நேரமாவது எங்கிட்ட மட்டும் பேசுவா. இப்ப முதுகைத்தாங்க பார்க்குறேன்" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

அப்போதுதான் மாப்பிள்ளையின் அலுவலக நண்பர் ஒருவர் தன்னுடைய டைம்ஷேர் வாரத்தை எங்களுக்குக் கொடுத்தார். டைம்ஷேர் என்றால் என்ன என்று சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒரே ஃப்ளாட்டை வருடத்தின் 52 வாரத்துக்குமாகப் பிரித்து, வாரம் வாரமாக வெவ்வேறு ஆட்களுக்கு விற்பார்கள். அந்த வாரம் அந்த ஃப்ளாட் உங்களுடையது. இப்போது வாரத்துக்குப் பதிலாகப் 'பாயிண்ட்' என்ற கணக்கில் விற்கிறார்கள். போனாலும் போகாவிட்டாலும் பராமரிப்புக் கட்டணத்தை வருடா வருடம் கட்டியாக வேண்டும். அந்த நண்பருக்கு அந்த வருடம் போக முடியவில்லை. பராமரிப்புக் கட்டணத்தை மட்டும் நீங்கள் கொடுத்துவிடுங்கள் என்றார். நம்மூரில் லாரியில் இடம் காலியாக இருக்கும்போது பாதி வாடகைக்குச் சாமான் ஏற்றுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேத்திக்கு வசந்தகால விடுமுறை. காரில் எழுநூறு கிலோமீட்டர். ஆர்லாண்டோவுக்குத் தெற்கே கிஸிமி என்ற ஊர்ப் பக்கம் ரிசார்ட். இரண்டு படுக்கையறை, கூடம், முழுச் சமையலறை, துணி துவைக்க மெஷின், ஏரியைப் பார்த்த பால்கனி, ஐந்தாவது மாடி. டிஸ்னி பார்க் காரில் கால் மணி நேரம்.

முதல் நாள் இரவு மகள் லேப்டாப்பைத் திறந்து ஒரு அட்டவணையைக் காட்டினாள். திங்கள் மேஜிக் கிங்டம், செவ்வாய் எப்காட், புதன் அனிமல் கிங்டம் என்று நாளுக்கு ஒன்று. காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் இரவு பத்து மணிக்குத் திரும்பலாம். ஒரு ஆளுக்கு ஒரு நாள் டிக்கெட் நூறு டாலருக்கு மேல். நாங்கள் ஐந்து பேர். பேத்தி ஏற்கெனவே இரண்டு தடவை பார்த்தவள், அவளுக்கு நீச்சல் குளம் போதும். வீட்டம்மாவுக்கு வலது முழங்கால் தேய்மானம், ஆபரேஷனை இரண்டு வருடமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். "அதனாலென்னம்மா, உள்ளேயே வீல்சேர் வாடகைக்குக் கிடைக்கும்" என்றாள் மகள்.

"என்னைத் தள்ளிக்கிட்டே போனா நீ எதைப் பார்ப்ப?"

மகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "உங்க ரெண்டு பேருக்கும் காட்டணும்னுதானேம்மா ஒரு வாரம் லீவு போட்டேன். அமெரிக்கா வந்துட்டு டிஸ்னிகூடப் பார்க்கலையான்னு ஊர்ல கேட்க மாட்டாங்களா?"

"லீவு போட்டுட்டேல்ல? அது போதும். அதை மூடி வச்சிட்டு இங்க வந்து உக்காரு" என்றாள் இவள். குரலை உயர்த்தவில்லை. முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள், உயர்த்தத் தேவையில்லை.

சற்று நேரம் யாரும் பேசவில்லை. மகள் அழுதுவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. மாப்பிள்ளைதான் சூழ்நிலையைக் காப்பாற்றினார். "அத்தை, வால்ட் டிஸ்னியே இதைப் பார்க்கலை, தெரியுமா?" என்றார். உண்மைதான். சதுப்பும் மாட்டு மேய்ச்சல் நிலமுமாக இருந்த ஆயிரக்கணக்கான ஏக்கரை, பெயர் வெளியே தெரிந்தால் விலை ஏறிவிடும் என்று வேறு வேறு கம்பெனிப் பெயர்களில் ரகசியமாக வாங்கினார் மனிதர். 1965-இல் விஷயத்தை அறிவித்தார், 1966 டிசம்பரில் இறந்துபோனார். திறப்பு விழா 1971 அக்டோபர் முதல் தேதி. "அவரே பார்க்காததை நான் பார்த்து என்ன ஆகப் போகுது" என்று வீட்டம்மா சிரித்ததும்தான் மகளும் சிரித்தாள். லேப்டாப் பெட்டிக்குள் போனது. அந்த வாரம் முழுக்க அதை வெளியே எடுக்கவில்லை என்று சொன்னால் பொய், இரண்டு தடவை எடுத்தாள். ஆனால் இரண்டே தடவைதான்.

அதற்கப்புறம் என்ன செய்தோம் என்றால், வரிசையாகச் சொல்லும்படி ஒன்றும் இல்லை. காலையில் எழுந்து காபி. பால்கனியில் உட்கார்ந்து ஏரியைப் பார்ப்பது. ஏரிக்கரையில் பெரிய ஓக் மரங்கள். கிளைகளில் சாம்பல் நிறத்தில் சாமியார் ஜடை மாதிரி ஒன்று தொங்கும். ஸ்பானிஷ் மாஸ் என்று பெயர். பாசியும் கிடையாது, ஸ்பெயினுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது, அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்ததாம். தண்ணீர் ஓரமாக 'முதலை உண்டு, ஜாக்கிரதை' என்று பலகை. முதலை கண்ணில் படவே இல்லை, பேத்திக்கு அதில் வருத்தம்.

அதை ஈடு கட்டியது ஒரு கொக்குக் குடும்பம். அங்கே சாண்ட்ஹில் கிரேன் என்கிறார்கள். என் நெஞ்சு உயரம் இருக்கும், சாம்பல் உடம்பு, நெற்றியில் சிவப்பு. அப்பா, அம்மா, நடுவில் மஞ்சள் பஞ்சுருண்டை மாதிரி ஒரு குஞ்சு. ரிசார்ட் புல்தரையில் சொந்த வீட்டு வாசலில் நடப்பதைப் போல நடக்கும். ரோட்டைக் கடந்தால் கார்கள் எல்லாம் நின்று வழிவிடும். தினமும் காலை எட்டு மணிக்கு அவை எங்கள் கட்டடத்தின் கீழே வரும். பெரிய கொக்கு இரண்டும் மாறி மாறிப் புழுவைக் கிளறிக் குஞ்சின் வாயில் வைக்கும். வீட்டம்மாவும் மகளும் பேத்தியும் ஒரே கம்பியில் சாய்ந்துகொண்டு அதைப் பார்த்தார்கள். நான் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சமையல் தனிக் கதை. முதல் நாள் சாம்பாருக்குத் தாளித்தபோது மேலே கூரையில் இருந்த புகை அலாரம் அலறியது பாருங்கள், பேத்தி நீச்சல் உடையோடு ஓடி வந்தாள். அதற்கப்புறம் தாளிப்பு என்றால் பால்கனிக் கதவைத் திறந்து, மாப்பிள்ளை ஒரு துண்டை வைத்து அலாரத்துக்குக் கீழே விசிற வேண்டும். கடுகு வெடிக்கும்போதெல்லாம் ஒரு சாஃப்ட்வேர் மேனேஜர் துண்டு வீசுகிற காட்சியை எந்தப் பார்க்கிலும் டிக்கெட் கொடுத்துப் பார்க்க முடியாது.

சாமான் வாங்கப் பப்ளிக்ஸ் என்ற கடைக்குப் போனோம். 1930-இல் பக்கத்து ஊரான வின்டர் ஹேவனில் ஆரம்பித்த கடை, இன்று மாநிலம் முழுக்க இருக்கிறது. வாசலில் ஆளுயர எடை மெஷின், காசு போடாமலே எடை பார்க்கலாம். திருச்சி ஜங்ஷனில் சிவப்பு பல்பு மினுமினுக்க நின்ற எடை மெஷினும், அது கொடுக்கும் அட்டையின் பின்னால் அச்சடித்த ஜோசியமும் ஞாபகம் வந்துவிட்டது. ஏறி நின்றேன். எடையைச் சொல்வதாக இல்லை.

மூன்றாம் நாள் நானும் மாப்பிள்ளையும் ஒரு விற்பனைக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டோம். தொண்ணூறு நிமிடம் உட்கார்ந்தால் நூறு டாலர் ஹோட்டல் கூப்பன் என்றார்கள். நம்மூரில் பெட்ரோல் பங்கில் கூப்பன் எழுதிப் போட்டால் 'நீங்கள் குலுக்கலில் ஜெயித்துவிட்டீர்கள், தம்பதியாக வாருங்கள்' என்று போன் வருமே, அதேதான். முதலில் ஒரு சிரித்த முகப் பெண், பிறகு மேனேஜர், பிறகு விலையைக் குறைக்க அதிகாரம் உள்ள இன்னொருவர். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். "பராமரிப்புக் கட்டணம் வருடா வருடம் ஏறுமா?" என்று கேட்டேன். "கொஞ்சம் ஏறும்." "எத்தனை வருடம் கட்ட வேண்டும்?" "ஆயுள் முழுக்க. உங்களுக்குப் பிறகு பிள்ளைகளுக்கும் போகும்" என்றார் பெருமையாக. கடனை உயில் எழுதி வைக்கும் திட்டத்தை அன்றுதான் பார்த்தேன். இரண்டரை மணி நேரம் கழித்துக் கூப்பனோடு வெளியே வந்தோம். அங்கே பிள்ளைகள் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு தகவல்: ஃப்ளோரிடா சட்டப்படி, கையெழுத்துப் போட்ட பிறகும் பத்து நாளுக்குள் எழுதிக் கொடுத்து ரத்து செய்யலாம். அதற்குப் பிறகு வெளியே வருவது பெரும்பாடு. என்னைக் கேட்டால், இன்னொருவருடைய வாரத்தை வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம்.

வெளியூர் என்று ஒரே ஒரு நாள் போனோம். ஒரு மணி நேரத் தொலைவில் லேக் வேல்ஸ் என்ற ஊரில் போக் கோபுரத் தோட்டம். எட்வர்ட் போக் என்பவர் ஆறு வயதில் ஹாலந்திலிருந்து வந்து குடியேறிய ஏழைப் பையன், பிற்காலத்தில் பெரிய பெண்கள் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர். தனக்கு வாழ்வு கொடுத்த நாட்டுக்கு நன்றியாக இந்தத் தோட்டத்தையும் 205 அடிக் கோபுரத்தையும் கட்டி, 1929-இல் ஜனாதிபதி கூலிட்ஜை வரவழைத்து மக்களுக்குக் கொடுத்தார். மறு வருடம் காலமாகி, கோபுரத்தின் அடியிலேயே அடக்கமானார். கோபுரத்தின் உள்ளே அறுபது வெண்கல மணிகள். கீழே ஒருவர் கட்டைகளைக் கையால் குத்தியும் காலால் மிதித்தும் வாசிக்க, மேலே மணிகள் பாடும்.

வழியெல்லாம் நிழல், அங்கங்கே பெஞ்சு. வீட்டம்மா பத்தடி நடப்பாள், உட்காருவாள். யாரும் அவசரப்படுத்தவில்லை, பின்னால் வரிசையும் இல்லை. ஒரு மணிக்கு மணியோசை தொடங்கியது. தெப்பக்குளம் பக்கம் லூர்து மாதா கோயில் மணியைக் கேட்டு வளர்ந்தவள் இவள். கண்ணை மூடிக்கொண்டாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, சொல்லாமலே அந்த முழங்காலைப் பிடித்துவிட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "எவ்வளவு நாளாம்மா இப்படி வீங்கியிருக்கு?" என்று கேட்டாள். நாலு மாதமாக ஒரே வீட்டில் இருந்தும் அதுவரை அவள் கேட்காத கேள்வி. இவளும் அதுவரை காட்டாத முழங்கால். அங்கேயே, அந்தப் பெஞ்சிலேயே, திருச்சி திரும்பியதும் ஆபரேஷன், மகள் மூன்று வாரம் வந்து கூட இருப்பது என்று முடிவாயிற்று. அந்த வருடம் ஆகஸ்டில் அப்படியே நடந்தது.

டிஸ்னியை அடியோடு பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது. இரவு ஒன்பது மணி வாக்கில் பார்க்கில் வாணவேடிக்கை. ஐந்தாவது மாடி நடைபாதையில் நின்றால் மரங்களுக்கு மேலே பூப்பூவாகத் தெரியும், சத்தம் சற்றுக் கழித்துத்தான் வந்து சேரும். பக்கத்து ஃப்ளாட்டுகளிலிருந்து நாற்காலி போட்டுக்கொண்டு நாலைந்து வயதானவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஓஹையோவிலிருந்து வந்த ஒரு தம்பதி பதினோரு வருடமாக இதே வாரம் வருகிறார்களாம், பார்க் பக்கமே போனதில்லையாம். வீட்டம்மா செய்த கேசரியை அவர்களுக்கும் கொடுத்தோம். அந்த அம்மாள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கடைசி இரவு தாயும் மகளும் பால்கனியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பதினொன்றுக்கு நான் படுத்தேன். ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோதும் பேச்சுச் சத்தம் கேட்டது. என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை, இவளும் இன்றுவரை சொல்லவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். மிஞ்சிய அரிசி, பருப்பு, அரைப் பாட்டில் எண்ணெய் எல்லாவற்றையும் காரின் பின்னால் ஏற்றினோம். பேத்தி கொக்குகளிடம் சொல்லிக்கொண்டு வருகிறேன் என்று ஓடிவிட்டாள். அவள் வரும்வரை பத்து நிமிடம் காத்திருந்தோம்.