உம்மம்மா பார்த்த கடல்

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, எருக்கலம்பிட்டியிலிருந்து கடல்வழியாகக் கற்பிட்டிக்கு வந்தவர் என் உம்மம்மா. அதன்பின் அவர் படகில் ஏறியதே இல்லை. போர் முடிந்து நாங்கள் ஊர் திரும்பியதும் பஸ்ஸில்தான்.

சென்ற விடுமுறையில், கற்பிட்டியிலேயே தங்கிவிட்ட மாமா எங்களைப் பத்தலங்குண்டுத் தீவுக்கு அழைத்தார். காலையில் போய் மாலையில் திரும்பும் படகுப் பயணம். "நானும் வாறன்" என்றார் உம்மம்மா. எங்களுக்கு ஆச்சரியம்.

அந்தத் தீவில் தார் வீதியும் இல்லை, வாகனமும் இல்லை. ஒடுங்கிய மணல் திட்டு, மீனவர்களின் வாடிகள், வெயிலில் காயும் கருவாடு. நாங்கள் மணலில் ஓடித் திரிந்தோம். உம்மம்மா மட்டும் வடக்கே பார்த்துக்கொண்டு நின்றார். அருகில் போனேன்.

"அந்தப் பக்கந்தான் நம்மட ஊர், மகள். அண்டைக்கு வரக்குள்ள உன்ட உம்மா என்ட மடியில. கண்ண மூடி ஓதிக்கொண்டே வந்தன். இந்தக் கடல் எப்படி இருக்குமெண்டு இண்டைக்குத்தான் பார்க்கிறன்."

புத்தகத்தில் எத்தனையோ முறை வாசித்த 'இடம்பெயர்வு' என்ற சொல் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

திரும்பும்போது அலை பெரிதாக இருந்தது. படகு ஆட, நான் பயத்தில் கண்களை மூடிக்கொண்டேன். உம்மம்மா என் கையைப் பிடித்தார்.

"கண்ணத் திற மகள், கரை தெரியுது."