சனிக்கிழமைப் புகையிரதம்

பிறநாட்டிற் கல்வி பயிலச் செல்லும் மாணவனுக்கு வாரத்தின் ஐந்து நாட்களில் தனிமை தோன்றுவதில்லை. விரிவுரையும் ஆய்வுகூடமும் அந்நாட்களை விழுங்கிவிடுகின்றன. சனியும் ஞாயிறுமே அவனைச் சோதிக்கும் நாட்கள். இரசாயனம் கற்பதற்காக 2024ஆம் ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து ஜேர்மனியின் லைப்சிக் நகரை அடைந்த எனக்கு, இவ்வுண்மை முதல் வாரத்திலேயே விளங்கிற்று.

அந்நாட்டில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள் என்பது வெறும் பழக்கமன்று, சட்டம். புகையிரத நிலையக் கடைகளும் சில பாண் கடைகளும் நீங்கலாக ஏனைய கடைகளுட் பெரும்பாலானவை மூடிக்கிடக்கும். சுவரில் ஆணி துளைப்பதும், புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டுவதுங்கூட அன்று ஆகா. சந்தை இரைச்சலும், கோயில் மணியும், அயல்வீட்டு வானொலியும் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த அமைதி ஒரு பாரமாகவே இருந்தது. கட்டில், மேசை, கதிரை, ஒரு யன்னல் ஆகியனவே என் அறையின் செல்வம். சமையலறை பன்னிருவருக்குப் பொது. பருப்புக்குத் தாளிக்கும் வாசனை எழும்போது மட்டும் அவ்விடம் எனக்கே உரியதாகிவிடும். அரிசியும் கறிவேப்பிலையும் தந்து உதவியது ஒரு வியற்நாமியர் கடை. கிழக்கு ஜேர்மனி தனிநாடாக இருந்த காலத்தில் தொழிலாளராக வந்தவர்கள் பலர் அங்கேயே தங்கி இத்தகைய கடைகளை நடத்துகிறார்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் புறப்பட்ட வேளையில், வெளிநாட்டு மாணவன் ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோவை முற்கூட்டியே வங்கியில் இட்டுக் காட்டவேண்டியிருந்தது. மாதந்தோறும் 992 யூரோவே அதிலிருந்து கைக்கு வரும். அத்தொகைக்காகத் தோட்டக் காணி ஈட்டுக்குப் போயிற்று. ஆகையால் ஒவ்வொரு சதமும் எனக்கு வெங்காயப் பாத்தியின் ஓர் அடியாகவே தோன்றியது. அங்கே வெறும் பிளாஸ்ரிக் போத்தலைக் கடையிற் கொடுத்தால் 25 சதமும், கண்ணாடிப் பியர்ப் போத்தலுக்கு 8 சதமும் திரும்பக் கிடைக்கும். நம்மூர்க் கடையில் சோடாப் போத்தலைத் திருப்பிக் கொடுத்த பிள்ளைக்கு இது புதுமையன்று. ஆனால், போத்தலைச் சுமக்க விரும்பாதோர் அதனைக் குப்பைத் தொட்டிக்குள் எறியாது, தேடிவரும் ஏழை ஒருவர் கைநுழைத்துத் துழாவாதபடி, தொட்டியின் அருகே நிறுத்திவிட்டுப் போவதைக் கண்டபோது அந்நகர மாந்தர்மீது எனக்கு மதிப்பு உண்டாயிற்று.

மாணவருக்கென ஒரு புகையிரதச் சீட்டு உண்டு. கடுகதி வண்டிகளில் அது செல்லாது. ஒவ்வோர் ஊரிலும் நின்று போகும் வண்டிகளில் நாடெங்கும் செல்லும். கையில் அச்சீட்டும், பையில் பாணும் அவித்த முட்டையுமாகச் சனிக்கிழமைகளில் நான் புறப்படலானேன். தொலைபேசியில் இதனைக் கேள்வியுற்ற ஐயா, “தம்பி, படிக்கப் போன பிள்ளைக்கு ஊர் சுத்தல் என்னத்துக்கு?” என்றார். காணியை ஈடுவைத்தவர் கேட்கத்தக்க கேள்விதான். அன்று என்னிடம் அதற்குத் தக்க மறுமொழி இருக்கவில்லை.

மறுமொழி ஹாலே நகரிற் கிடைத்தது. லைப்சிக்கிலிருந்து வண்டியில் ஒரு மணிநேரமும் ஆகாத தூரம். அங்கே 1698இல் பிராங்கே என்னும் பாதிரியார் நிறுவிய அநாதைப் பிள்ளைகள் இல்லமும் பாடசாலைகளும் இன்றும் நிலைத்திருக்கின்றன. மாடியிலுள்ள பழம்பொருட்கூடத்தில், சங்குகளுக்கும் பாடஞ்செய்த விலங்குகளுக்கும் இடையே, தமிழ் ஏட்டுச்சுவடியைக் கண்டேன். ஹாலேயிற் பயின்ற சீகன்பால்கு என்பார் 1706இல், தமது 24ஆம் வயதிலே, தரங்கம்பாடியில் வந்திறங்கினார். சிறுபிள்ளைகளோடு நிலத்திலிருந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். தமிழ் அச்செழுத்துக்கள் ஹாலேயில் வார்க்கப்பட்டுக் கப்பலேறின. 1716இல் அவருடைய தமிழ் இலக்கணநூல் இலத்தீன் மொழியில் அந்நகரிலேயே அச்சாயிற்று. ஜேர்மன் இலக்கணத்தின் மூவகைப் பாலுடன் மல்லாடிக்கொண்டிருந்த எனக்கு, அவர் மதகுருவாகத் தோன்றவில்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் எதிர்த்திசையிற் பயணஞ்செய்த ஒரு சகமாணவராகவே தோன்றினார்.

அன்றிரவு ஐயாவிடம் இதனைச் சொன்னேன். இளைப்பாறிய தமிழாசிரியரான அவர் சற்றுநேரம் பேசவில்லை. பின்பு, “எழுத்து வாசிக்கக்கூடியதாய் இருந்ததோ?” என்று கேட்டார். புள்ளிகள் இல்லாமையால் தடுமாறினேன் என்றேன். “புள்ளி குத்தினால் ஓலை கிழியுமெண்டுதான் இடுறேல்லை” என்று தொடங்கி, ஏடு வாசிக்கும் முறையை அரைமணிநேரம் கற்பித்தார். ஊர் சுற்றலைப்பற்றி அதன்பின் அவர் கேட்கவில்லை.

டிசம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் சீகன்பால்கு பிறந்த புல்ஸ்னிற்சுக்குப் போனேன். 1558ஆம் ஆண்டு முதல் உரிமைபெற்று அவ்வூரார் சுட்டுவரும் ‘மிளகுப் பணியாரம்’ பெயர்பெற்றது. மிளகு என்பது பெயரளவிலேயே. தூரதேசத்து வாசனைத் திரவியங்கள் அனைத்தையும் முன்னாளில் அவர்கள் மிளகென்றே வழங்கினராம். கடைவாயிலில் எழுந்த கறுவா, கராம்பு மணம், அம்மா தீபாவளிக்குச் சரக்கு வறுக்கும் அடுக்களைக்கே என்னை இட்டுச்சென்றது. பனி கொட்டிக்கொண்டிருந்த அத்தெருவில் அரை இறாத்தல் பணியாரத்துடன் நான் நெடுநேரம் நின்றேன்.

மிக நீண்ட பயணம் 2025 ஜூனில் ஹாம் நகர்க் காமாட்சியம்பாள் கோயில் தேர்த்திருவிழாவுக்குச் சென்றது. பல வண்டிகள் மாறிப் போய்ச் சேர்ந்தேன். ஈழத்தமிழர் முயற்சியால் எழுந்து, 2002இற் குடமுழுக்குக் கண்ட அக்கோயிலின் கோபுரம் 17 மீற்றர் உயரம். சுற்றிலும் தொழிற்சாலைகள். தீர்த்தமாடுவது அருகேயுள்ள கப்பற் கால்வாயில். வடம் பிடித்த கைகளுள் மருத்துவர் கையும் இருந்தது. கோப்பை கழுவிப் பிள்ளைகளைப் படிப்பித்த கையும் இருந்தது. “எந்த ஊர், தம்பி?” என்று கேட்ட ஓர் அம்மா, நான் வாயெடுக்குமுன் சோற்றுப் பொதியொன்றை என் கையில் வைத்துவிட்டார். பேரப்பிள்ளைகளோ தம்முள் ஜேர்மன் மொழியிலேயே பேசிக்கொண்டனர். ஹாலேயிற் கண்ட ஏடு அப்போது என் நினைவுக்கு வந்தது. அதனைக் காத்தவர்கள் அந்நியர். இப்பிள்ளைகளின் நாவில் தமிழைக் காக்கவேண்டியவர்கள் நாமன்றோ?

வெளிநாடு செல்லவிருக்கும் தம்பி தங்கையருக்கு ஒன்று சொல்வேன். வார நாட்களிற் பாடத்தில் மிச்சம் வையாதீர்கள். சனிக்கிழமைகளில் அறைக்குள் அடைந்து கிடந்து ஊரை நினைத்து வாடாதீர்கள். மலிவான சீட்டை எடுத்து, மெதுவான வண்டியில் ஏறுங்கள். கண்டதை அன்றிரவே வீட்டாருக்குச் சொல்லுங்கள். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: சோதனைப் பெறுபேற்றை விசாரித்தபின், “இந்தக் கிழமை எங்கே போனாய்?” என்றும் பிள்ளையைக் கேளுங்கள்.