லீற்றருக்கு எத்தனை?

விழா மலருக்கு யாதேனும் ஒரு கட்டுரை வரைந்து தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது யாம் சற்றுத் தயங்கினோம். கல்லூரிக் கோயிலையும், விளையாட்டு முற்றத்தையும், தத்தம் ஆசிரியப் பெருந்தகைகளையும் பற்றி எம்மினும் நன்றாய் எழுத வல்ல பழைய மாணவர் பலர் உளர். எமக்கே உரிய பொருள் யாதென எண்ணியிருந்தபோது, மேசை இழுப்பறையிற் கிடந்த ஒரு பழைய கொப்பி நினைவுக்கு வந்தது. அதன் நீல மட்டையில் ‘டீசல்’ என்ற ஒரு சொல்லே எழுதப்பட்டிருக்கும். 2011ஆம் ஆண்டு தொடக்கம் எமது சிறிய டீசல் கார் குடித்த எண்ணெயும் ஓடிய தூரமும் அதில் வரிவரியாக உள்ளன. இத்தகைய பொருளை எழுதி அன்பர்களின் பொறுமையைச் சோதிக்கலாமோ என்று ஐயுற்றோம். ஆயினும் அக்கொப்பிக்கு வித்திட்டது எம் கல்லூரியின் பௌதிக ஆய்வுகூடமே ஆதலின், இம்மலரில் அதற்கும் ஒரு சிறு இடம் உண்டெனத் துணிந்தோம்.

அறுபதுகளில் எமக்குப் பௌதிகம் கற்பித்த ஆசிரியரிடம் ஒரு மொறிஸ் மைனர் கார் இருந்தது. பெற்றோல் நிரப்பும் ஒவ்வொரு முறையும் அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு புத்தகத்தை எடுத்து, மைலையும் கலனையும் குறித்துக்கொள்வார். ‘சேர், ஒரு கலனுக்கு எத்தனை மைல் ஓடும்?’ என்று யாராவது வினவினால், ‘எங்கே ஓடினால்?’ என்று திருப்பிக் கேட்பார். அது எமக்கு அக்காலத்தில் வேடிக்கையாக இருந்தது. ஒருநாள் ஆய்வுகூடத்தில், பக்கத்து மாணவனின் விடையை முன்னரே பார்த்துவிட்டு, அளவியில் அதே எண்ணை யாமும் ‘வாசித்தோம்’. அவர் எம் தோளில் கைவைத்து, ‘விடை தெரிந்தபின் வாசிப்பவனுக்குக் கண் எதற்கு?’ என்றார். அடித்திருந்தால் மறந்திருப்போம். ஒரு முறை எடுத்த அளவை அளவையே ஆகாது, மூன்று முறையாவது எடுக்கவேண்டும் என்பதும் அவர் விதித்த விதி.

2011இல், இளைப்பாறியபோது கிடைத்த பணிக்கொடையின் பெரும்பகுதியைக் கொடுத்து, தொண்ணூறுகளில் ஜப்பானிற் செய்யப்பெற்ற, ஒன்றரை லீற்றருக்குச் சற்றுக் குறைந்த எஞ்சினுடைய ஒரு சிறிய டீசல் காரை வாங்கினோம். ‘ஐயா, லீற்றருக்கு முப்பது ஓடும்’ என்றார் தரகர். அவர் பொய் சொன்னார் என்று நெடுநாள் எண்ணியிருந்தோம். அஃது எம் பிழை. ஜப்பானியர் தம் விளம்பர ஏடுகளில் அக்காலத்தில் இருவகை எண்களை அச்சிடுவர். ஒன்று, சமதரையில் மணிக்கு 60 கிலோமீற்றர் என்னும் மாறாத வேகத்தில் ஓட்டிக் கண்ட எண். மற்றையது, நகரப் போக்குவரத்தைப் போலச் செய்து, ஆய்வுகூடத்தில் உருளைகளின்மேல் ஓட்டிக் கண்ட எண். அச்சோதனைக்குப் ‘பத்துப் பதினைந்து முறை’ என்று பெயர், தூரம் 4.16 கிலோமீற்றர், உச்ச வேகம் 70, சராசரி வேகம் 22.7. தரகர் எமக்குச் சொன்னது முன்னைய எண். சந்தியும் மாடும் மழையும் இல்லாத ஒரு தெருவில் அவ்வெண் மெய்யே. அப்படியொரு தெரு யாழ்ப்பாணத்தில் எங்குளது?

அளக்கும் முறை எளியது. தாங்கியை வாய்வரை நிரப்பி, தூரமானியைக் குறித்துக்கொண்டு, ஓடியபின் மீண்டும் அதே நிலையத்தில், முடிந்தால் அதே குழாயில், வாய்வரை நிரப்பவேண்டும். இரண்டாம் முறை புகுந்த எண்ணெயே செலவான எண்ணெய். டீசல் நுரைக்கும் இயல்பினது. நுரை எழுந்ததும் குழாய் தானே நின்றுவிடும். நுரை அடங்கும்வரை பொறுத்து மீண்டும் நிரப்பாவிடில் ஓரிரு லீற்றர் கணக்கு வழுவிவிடும். பின்னால் நிற்கும் வாகனச் சாரதிகள் ஊதுகுழலை அழுத்துவார்கள். பௌதிகத்துக்காக யாம் அதைப் பொறுத்துக்கொண்டோம்.

கொப்பி கூறிய செய்தி இது. சந்தைக்கும் கோயிலுக்கும் உறவினர் வீட்டுக்குமாக நாலைந்து கிலோமீற்றர் ஓடி நிற்கும் நாள்களில் லீற்றருக்கு 14, மிஞ்சினால் 15. எஞ்சின் சூடேறுமுன் வீடு வந்துவிடும். குளிர்ந்த எஞ்சின் பசிகூடிய எஞ்சின். 80, 90 கிலோமீற்றர் வேகத்தில், குளிரூட்டி இயங்கக் கொழும்புக்குச் சென்றால் 18.6. முப்பது என்பது எங்கும் இல்லை.

அந்த 18.6இலும் ஒரு கள்ளம் இருந்தது. கண்டி வீதியிலுள்ள கிலோமீற்றர்க் கற்களோடு எம் தூரமானியை ஒருமுறை ஒப்பிட்டோம். நூறு கல் கடந்தபோது அது 103 காட்டியது. அவ்வாறாயின் மெய்யான எண் 18.6 அன்று, ஏறத்தாழ 18. இதனை யாம் 2013இலேயே கண்டோம். ஆயினும் நண்பர்களிடம் 18.6 என்றே சொல்லி வந்தோம். சில வேளைகளில் ‘பத்தொன்பது என்று வையுங்கள்’ என்றும் சொல்லியிருக்கிறோம். பணிக்கொடையைப் போட்டு வாங்கிய காரைக் குறைத்துச் சொல்ல எவருக்கு மனம் வரும்? ஆசிரியர் எம் தோளில் வைத்த கையை அப்போதெல்லாம் நினையாதிருக்கப் பழகிக்கொண்டோம்.

டீசல் வண்டி சிக்கனமானது என்பதில் ஐயமில்லை. பெற்றோல் எஞ்சின் மெதுவாய் ஓடும்போது, பாதி மூடிய வாயிலூடாக மூச்சிழுப்பதுபோற் காற்றை இழுக்க வேண்டியிருக்கும். டீசல் எஞ்சினுக்கு அவ்விடர் இல்லை. காற்றைத் தடையின்றி இழுத்து, எண்ணெயின் அளவை மட்டுமே கூட்டிக் குறைக்கும். காற்றைப் பெற்றோல் எஞ்சினினும் மிகுதியாக நெருக்கி அவ்வெப்பத்திலேயே எரிப்பதனால், வெப்பத்தில் அதனினும் கூடிய பங்கு வேலையாகும். இவற்றோடு இன்னொன்றும் உண்டு. டீசல் பெற்றோலினும் அடர்த்தி கூடியது. ஒரு லீற்றர் டீசலில் நூற்றுக்குப் பத்து வீதத்துக்கு மேற்பட்ட வெப்பசக்தி கூடுதலாய் அடங்கியுள்ளது. ஆகவே லீற்றர்க் கணக்கில் டீசற்காரர் பேசும் பெருமையில் ஒரு பங்கு லீற்றரின் பெருமை; காரின் பெருமையன்று. இதைச் சொன்னதற்காக டீசற்கார் வைத்திருந்த எம் மைத்துனர் இரண்டு வாரம் எம்மோடு பேசவில்லை.

மேலைநாட்டாரும் இவ்வெண்களால் ஏமாறியே வந்தனர். ஐரோப்பாவில் 2017 வரை வழங்கிய சோதனை 1180 செக்கன்களில் 11 கிலோமீற்றர் ஓடி முடிவது. அவ்வெண்ணுக்கும் மக்கள் தெருவிற் கண்ட எண்ணுக்கும் இடைப்பட்ட வேறுபாடு 2001இல் நூற்றுக்கு 9 வீதமளவாக இருந்து, 2015இல் 42 வீதமளவாக வளர்ந்ததென ஆய்வாளர் கணித்தனர். அக்காலத்துள் தெருக்கள் அத்துணை கெட்டுவிடவில்லை. செய்வோர் சோதனைக்கேற்பக் கார் செய்யக் கற்றுக்கொண்டனர். விடை தெரிந்தபின் வாசிக்கும் மாணவர் எங்குமுளர் போலும்.

இனி, இக்கொப்பி வெறும் பொழுதுபோக்காக இராதொழிந்த நாள்களுக்கு வருவோம். 2022 தொடக்கத்தில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல், அவ்வாண்டு ஜூன் இறுதியில் 460 ரூபாவாயிற்று. அவ்விலைக்கும் கிடைப்பது அரிதாயிற்று. வரிசையில் இரவு பகலாகக் கிடந்தோர் கதை இம்மலர் படிப்போர் அனைவருக்கும் தெரியும். பின்னர் கியூ. ஆர். குறிமூலம் பங்கீடு வந்தது: காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர். எம் துணைவியார் அவ்வாண்டு முற்பகுதியிற் கொழும்பில் ஓர் அறுவைச் சிகிச்சைக்கு ஆளாகியிருந்தார். ஓகஸ்ட் மாதம் ஒரு குறித்த நாளில் மருத்துவர் மீண்டும் பார்க்கவேண்டும். பஸ்ஸிலோ புகையிரதத்திலோ நெடுநேரம் நிமிர்ந்திருக்க அவரால் இயலாது. காரின் முன்னிருக்கையைச் சாய்த்துப் படுத்தவாறே செல்லவேண்டும். தூரம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். எண்ணெய் 20 லீற்றர்.

அன்றிரவு கொப்பியை விரித்து இருந்தோம். தரகரின் முப்பதைக் கொண்டால் 600 கிலோமீற்றர் செல்லலாம். நண்பர்களிடம் சொன்ன பத்தொன்பதைக் கொண்டால் 380. மெய்யான பதினெட்டைக் கொண்டால் 360. நீர்கொழும்புக்கு அணித்தாகவே கார் நின்றுவிடும். டீசற் கார் எண்ணெய் தீர்ந்து நின்றால், யாரேனும் ஒரு போத்தல் ஊற்ற உடனே எழுந்து ஓடாது. குழாய்களிற் புகுந்த காற்றைக் கைப்பம்பியால் வெளியேற்றவேண்டும். நோயாளியை வெயிலில் வைத்துக்கொண்டு அதைச் செய்வதெப்படி? ஆறாண்டு, ஏழாண்டு பின்னோக்கிப் புரட்டியபோது 2014ஆம் ஆண்டு வரியொன்று கண்ணிற் பட்டது. அன்று பெருமழையில் ஒரு பாரவண்டித் தொடரின் பின்னால் 60ஐத் தாண்டாமல், குளிரூட்டியின்றி வந்திருந்தோம். கண்ட எண் 21.9, தூரமானியின் வழுவைக் கழித்தால் 21.3. இருபது லீற்றருக்கு 426 கிலோமீற்றர். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது. 60இல் இருப்பதைப்போல் இரண்டேகால் மடங்கு 90இல் இருக்கும் என்பதை அறிவோம். ஆதலின் அவ்வெண் நம்பத்தக்கதே. ஆயினும் அஃது ஒற்றை வாசிப்பு. மூன்று எடுக்கச் சொன்னவர் இன்றில்லை.

ரயர்களுக்குக் காற்றடித்து, பின்பெட்டியிற் கிடந்த வேண்டாப் பொருள்களையெல்லாம் இறக்கி, விடிய நாலு மணிக்குப் புறப்பட்டோம். முறிகண்டியில் வழக்கம்போல் நிறுத்திப் பிள்ளையாரை வணங்கித் தேங்காய் உடைத்தோம். துணைவியார் கச்சான் வேண்டுமென்றார். றூடோல்ப் டீசல் கண்ட எஞ்சின் 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் இக்கச்சானின் எண்ணெயிலேயே ஓடிக்காட்டியது என்று அவருக்குச் சொன்னோம். ‘அப்ப இதை அதுக்குள்ளே போடுங்கோ’ என்றார். அவர் அவ்வாறு நகைத்து நெடுநாளாயிருந்தது. அஃது அத்துணை நகைப்புக்குரியதும் அன்று. தொண்ணூறுகளிற் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் வராத காலத்தில் டீசல் வண்டிகள் மண்ணெண்ணெயோடு சமையல் எண்ணெய் கலந்து ஓடியதையும், பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்றுப் பின் மண்ணெண்ணெயிற் புகைந்து சென்றதையும் கண்டவர்கள் யாம்.

வவுனியா தாண்டியதும் வெயில் ஏறிற்று. குளிரூட்டியைப் போடாமல், வேகமானியின் முள்ளை 60இல் நிறுத்தி, யாம் கண்ணிமையாது ஓட்டிக்கொண்டிருந்தோம். துணைவியாரின் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்ததை யாம் பார்க்கவில்லை. சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, ‘இஞ்சாருங்கோ, எண்ணெயைப் பாக்கிறியளோ, என்னைப் பாக்கிறியளோ?’ என்று கேட்டார். யாம் வாய் திறவாது குளிரூட்டியை இயக்கினோம். அநுராதபுரம்வரை அஃது இயங்கிற்று. அதற்குரிய எண்ணெயை மனத்துட் கழித்துக் கழித்துக் கணக்கிட்டதையும் மறைக்கவில்லை. அநுராதபுரத்தில் அவரே கைநீட்டி அதை நிறுத்தினார்.

வீதியிலோ வாகனங்கள் இல்லை. புத்தளத்திலிருந்து சிலாபம்வரை எம்மை முந்தியவர்களையும் யாம் முந்தியவர்களையும் விரல்விட்டு எண்ணிவிடலாம். நிறுத்தமும் முந்தலும் பிறேக்கும் இன்றி, ஒரே சீராக 60. தரகர் சொன்ன அந்தத் தெரு இதுதான் என்று அப்போதுதான் எமக்குப் புலனாயிற்று. நாடே எண்ணெயின்றி நின்றபோது அது திறந்திருந்தது. நீர்கொழும்பில் எண்ணெய்முள் அடிக்கோட்டைத் தொட்டது. பிற்பகலில் தம்பியின் வீட்டு வாயிலிற் காரை நிறுத்தியபோது எம் கைகள் நடுங்கின.

அடுத்த வாரப் பங்கீடு கிடைத்தபின் அவ்வாறே திரும்பினோம். ஊர் வந்ததும், தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கொண்டு தாங்கியின் அடித்திருகைக் கழற்றி எஞ்சியதை அளந்தோம்: 4 லீற்றர். தூரமானி 842 காட்டியது; திருத்தினால் 817. நிரப்பியது 40, செலவு 36, ஆகவே லீற்றருக்கு 22.7. முதலில் வரிசைக்குச் சென்றபோது தாங்கியின் அடியிற் கிடந்த எண்ணெயைப் பூச்சியமாகக் கொண்டதனால் வந்த எண் இது. அவ்வழு எமக்குச் சாதகமானது. இரண்டு லீற்றர் கிடந்திருப்பின் 21.5. ஆகவே கொப்பியில் ‘21.5 முதல் 22.7 வரை’ என்றே எழுதினோம். முதற்பக்கத்துக்குச் சென்று, பழைய வரிகளையும் ஒவ்வொன்றாய்த் திருத்தினோம். அதற்கு இரண்டு மாலைகள் சென்றன.

ஒவ்வொரு வரியின் வலப்புறத்திலும் ‘குறிப்பு’ என்றொரு நிரல் உண்டு. குளிரூட்டி, காற்றழுத்தம், மழை முதலியவற்றை அதில் எழுதுவது எம் வழக்கம். அந்த 2022 ஓகஸ்ட் வரிக்கு நேரே எம் கையெழுத்து இல்லை. யாம் திருத்தி முடித்து எழுந்தபின் துணைவியார் பென்சிலால் எழுதிவைத்தது அங்கே உள்ளது: ‘டொக்டர் நல்லது என்றார். இனி ஆறு மாதம் கழித்து வந்தாற் போதும்.’