வண்டிச் சத்தம்

எனக்குக் கோவம் கொஞ்சம் ஜாஸ்திங்க. "மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டான், பட்டுனு கொட்டிடுவான்"னு சொந்தக்காரங்க சொல்றதை இத்தனை நாளா பாராட்டாத்தான் எடுத்துக்கிட்டேன். போன மாசம் வரைக்கும்.

பனமரத்துப்பட்டியில இருந்து தினமும் சேலத்துக்கு வேலைக்குப் போய் வர்ற ஆளு நான். அன்னைக்கு நான் செய்யாத தப்புக்கு மேலதிகாரி எல்லார் முன்னாடியும் திட்டித் தீர்த்துட்டார். "சரிங்க சார்"னு தலையாட்டிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தா, மூணாவது படிக்கிற பையன் என் ஆபீஸ் டைரியில ஏரிப் படம் வரைஞ்சு வச்சிருக்கான். ஒரு காலத்துல சேலத்துக்கே குடிதண்ணி கொடுத்த நம்ம ஊர் ஏரிதான். படத்துல தண்ணி ததும்புது, நாலு கொக்கு வேற. அவன் கண்ணு முன்னாடியே கிழிச்சுப் போட்டேன். கத்தின கத்துல பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

மறுநாள் வண்டியை நிறுத்தும்போது உள்ள டிவி பட்டுனு அணைஞ்சது. அப்புறம் பையன் குரல்: "அம்மா, அப்பா இன்னைக்குக் கோவமா வர்றாரான்னு பாத்துச் சொல்றியா?"

வாசப்படியிலயே நின்னுட்டேன்.

"கோவம் தன்னால வருது, அடக்க முடியல" - இதுதான் என் வழக்கமான சால்ஜாப்பு. மேலதிகாரிகிட்ட மட்டும் எப்படி முடிஞ்சுது? அங்க இருந்தது பொறுமை இல்லீங்க, பயம். நம்ம கோவம் எடுபடுற இடத்துல அடக்கினாத்தான் கணக்குன்னு வள்ளுவரும் வெகுளாமை அதிகாரத்துல சொல்லியிருக்கார். நான் அப்படியே தலைகீழ். ஞாயிறு தவறாம சர்ச்சுக்குப் போறேன். ஆவியின் கனி என்னென்னன்னு கேட்டா நீடிய பொறுமை, இச்சையடக்கம்னு ஒப்பிப்பேன். ஒப்பிக்க மட்டும்தான்.

அப்பத்தான் கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மா நினைவுக்கு வந்தாங்க. 1999 ஜனவரியில, அப்போதைய ஒரிசாவுல மனோகர்பூர் கிராமத்துல, ஜீப்புக்குள்ள தூங்கிட்டிருந்த அவங்க கணவர் கிரஹாமையும் பிலிப், திமோத்தின்னு ரெண்டு மகன்களையும் ஒரு கும்பல் உயிரோட எரிச்சது. நாடே அந்த அம்மா வாயைப் பார்த்துட்டிருந்த நேரம். அவங்க கோவம் கண்டிப்பா எடுபட்டிருக்கும். ஆனா அவங்க, மன்னிச்சுட்டேன்னு சொன்னாங்க. குற்றவாளியைச் சட்டம் தண்டிச்சது, அது தனி. அவங்க மகளோட பாரிபதாவுலயே தங்கி, கணவர் பார்த்த தொழுநோயாளிகள் சேவையைத் தொடர்ந்தாங்க. 2005-ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க.

அவ்வளவு பெரிய இழப்புக்கு அந்தப் பொறுமை. எனக்கு ஒரு டைரிப் பக்கத்துக்கு இந்த ஆட்டம்.

பொழுது சாயுறதுக்குள்ள கோவத்தை முடிச்சுடணும்னு பவுல் எபேசு சபைக்கு எழுதினார். எனக்குக் கோவமே பொழுது சாஞ்சாத்தான் ஆரம்பிக்குது :-) அதனால இப்பல்லாம் தெருமுனையிலயே வண்டியை நிறுத்தி, ஒரு சின்ன ஜெபம். ஆபீஸை அங்கயே இறக்கி வச்சுட்டுத்தான் வீட்டுக்குள்ள நுழையறது. ஒரு நாள் தவறிட்டேன், ஒத்துக்கறேன்.

பையன்கிட்ட "மன்னிச்சுக்க கண்ணு, ஏரியைத் திரும்ப வரைஞ்சு தா"ன்னு கேட்டேன். "உங்க டைரியில வேண்டாம்ப்பா, என் நோட்டுலயே வரையறேன்"னான். அடி வாங்கின மாதிரி இருந்துச்சு.

இன்னும் என் வண்டிச் சத்தம் கேட்டா டிவி அணையுது. அணையாம ஓடப்போற அந்த ஒரு நாளுக்குத்தான் காத்திருக்கேன்.

உங்க வீட்ல எப்படிங்க?