மேப்பிள் தெருவும் எங்கள் தெருவும்

"அந்தக் கூட்டத்துக்கு நீங்க ரெண்டு பேரும் எதுக்குப் போறீங்க?" என்று தோழர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நியூயார்க் நகரத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்கும் மேல் பேருந்தில் போனால் பிங்காம்டன் என்ற ஊர் வரும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன ஒரு தொலைக்காட்சி எழுத்தாளரின் ரசிகர்கள் அங்கே கூடுகிறார்கள். பெரும்பாலும் வெள்ளையர்கள், பெரும்பாலும் தலை நரைத்தவர்கள். சேரியில் பிறந்து, ஆதிதிராவிடர் நல விடுதியில் படித்து, உதவித்தொகையில் அமெரிக்கா வந்த இரண்டு பேருக்கு அங்கே என்ன வேலை?

எங்களுக்கு அவரை அறிமுகப்படுத்தியது அந்த விடுதிதான். பென்டிரைவில் யாரோ கொண்டுவந்த பழைய கறுப்பு வெள்ளைத் தொடர். ஒரே மடிக்கணினி, சுற்றிலும் பன்னிரண்டு தலைகள். ஆங்கிலம் பாதிதான் புரியும். சிகரெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கோட்டு போட்ட ஒருவர் திடீரென்று கதைக்குள் வந்து நின்று பேசுவார். அவர் வந்தாலே விடுதியில் கைதட்டல் கேட்கும். அவர்தான் ராட் செர்லிங். தொடரின் பெயர் 'தி ட்வைலைட் ஸோன்'. 1959 முதல் 1964 வரை 156 பகுதிகள் வந்தன, அவற்றில் 92ஐ அவரே எழுதினார்.

செர்லிங் யூதர். 1924 டிசம்பர் 25ஆம் தேதி பிறந்தவர். அந்தத் தேதியைப் பார்த்ததும் எங்களுக்குக் கிறிஸ்துமஸ் நினைவுக்கு வரவில்லை, கீழவெண்மணிதான் வந்தது. அவர் இரண்டாம் உலகப் போரில் பாராசூட் படையில் இருந்தார், பிலிப்பைன்ஸில் சண்டையிட்டுக் காயம்பட்டார். திரும்பி வந்து எழுதத் தொடங்கினார். வளர்ந்தது இந்தப் பிங்காம்டனில்தான்.

விழா நன்றாகவே இருந்தது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். அறுபது வயதைத் தாண்டியவர்கள் சுழல் வட்டம் அச்சிட்ட பனியன் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். செர்லிங் குரலில் பேசிக்காட்ட ஒருவருக்கொருவர் போட்டி போட்டார்கள். எந்தப் பகுதி எந்த வாரம் வந்தது, யார் நடித்தார் என்று எதைக் கேட்டாலும் நாக்கு நுனியில் பதில் வைத்திருந்தார்கள். எங்களைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கவில்லை. "இந்தியாவிலும் பார்க்கிறார்களா?" என்று ஒரு பாட்டி வியந்து, தன் பையிலிருந்து பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார்.

ஊர்ப் பூங்காவில் ஒரு குதிரை ராட்டினம் இருக்கிறது. அந்தக் காலத்து ஷூ கம்பெனி முதலாளி ஒருவர் ஊருக்குக் கொடுத்தது. செர்லிங் சிறுவயதில் சுற்றிய இடம் இது. ஊர் திரும்பும் ஒரு மனிதனைப் பற்றி அவர் எழுதிய 'வாக்கிங் டிஸ்டன்ஸ்' பகுதி இங்கிருந்துதான் பிறந்தது. இந்த ராட்டினத்தில் ஏறக் காசு வேண்டாம். வழியில் கிடக்கும் ஒரு துண்டுக் குப்பையைப் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்தால் போதும். குழந்தைகள் ஆளுக்கொரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பதைப் பார்த்தோம். குப்பை அள்ளுவதற்கென்று ஒரு சாதி இருக்கிறது என்பது அந்தக் குழந்தைகளுக்குத் தெரியாது. எங்களில் ஒருவருடைய அம்மா பேரூராட்சியில் தூய்மைப் பணியாளர். வெகுநேரம் நாங்கள் அந்த வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

நாங்கள் அங்கே போனதற்குக் காரணம் இந்தத் தொடர் மட்டும் இல்லை. தொடர் ஏன் பிறந்தது என்ற கதைதான்.

1955 ஆகஸ்ட் 28. சிகாகோவிலிருந்து மிசிசிப்பி மாநிலத்து உறவினர் வீட்டுக்கு வந்திருந்த 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில் கொல்லப்பட்டான். கடையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் வம்பு செய்தான் என்பது குற்றச்சாட்டு. அந்தப் பெண்ணின் கணவனும் அவனுடைய அண்ணனும் இரவில் வீடு புகுந்து சிறுவனைத் தூக்கிப்போய், அடித்துக் கொன்று, ஆற்றில் வீசினார்கள். ஜூரிகள் 12 பேரும் வெள்ளைக்கார ஆண்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இருவரையும் விடுதலை செய்தார்கள். சில மாதங்கள் கழித்து, பணம் வாங்கிக்கொண்டு ஒரு பத்திரிகையில் "நாங்கள்தான் கொன்றோம்" என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். இந்தக் கதையில் நமக்குத் தெரியாதது எது, தோழர்களே? ஊர்ப்பெயர்கள்தான்.

செர்லிங் இதை எழுத நினைத்தார். கொல்லப்பட்டவன் கறுப்பினத்தவன் என்றால் தொலைக்காட்சிக்கு விளம்பரம் தரும் கம்பெனிகள் ஒத்துக்கொள்ளாது என்று அவருக்கு முன்பே தெரியும். அதனால் கொல்லப்படுபவரை ஒரு யூத முதியவராக மாற்றித்தான் எழுதினார். அதற்குள், இது டில் வழக்குதான் என்ற செய்தி பத்திரிகையில் வந்துவிட்டது. வெள்ளையர் அமைப்புகளிடமிருந்து மிரட்டல் கடிதங்கள் குவிந்தன. நாடகம் 1956 ஏப்ரலில் ஒளிபரப்பானபோது, கொல்லப்பட்டவர் எந்த நாடு என்றே தெரியாத ஓர் அந்நியர். கதை நடக்கும் இடம் தெற்கிலிருந்து வடக்கே நியூ இங்கிலாந்துக்குப் போய்விட்டது. கோக்கோ கோலா பாட்டில் தெற்கை நினைவூட்டும் என்று அரங்கிலிருந்து அதையும் எடுத்துவிட்டார்கள்.

அவர் விடவில்லை. 1958இல் மறுபடி எழுதினார். இந்தமுறை கறுப்பினச் சிறுவன் மெக்சிகோக்காரன் ஆனான், காலம் ஏறக்குறைய நூறு ஆண்டு பின்னால் போனது. அடுத்த ஆண்டு அவர் 'தி ட்வைலைட் ஸோன்' தொடங்கினார். அரசியல்வாதியின் வாயில் வைத்தால் வெட்டப்படும் வசனத்தைச் செவ்வாய்க்கிரகவாசி பேசினால் யாரும் தொடமாட்டார்கள் என்பதை அவர் புரிந்துகொண்டார். முகமூடி அங்கே பிறந்தது.

விழாவில் நாங்கள் 'தி மான்ஸ்டர்ஸ் ஆர் டியூ ஆன் மேப்பிள் ஸ்ட்ரீட்' பார்த்தோம். 1960இல் வந்த பகுதி. ஒரு சாதாரணத் தெரு. திடீரென்று மின்சாரம் நின்றுபோகிறது. வேற்றுக்கிரகத்தார் நம்மைப் போலவே உருவம் எடுத்து முன்கூட்டியே வந்து குடியிருப்பார்கள் என்று ஒரு சிறுவன், தான் படித்த கதையைச் சொல்கிறான். அவ்வளவுதான். அண்டை வீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் துருவத் தொடங்குகிறார்கள். நீ ஏன் ராத்திரியில் வானத்தைப் பார்க்கிறாய்? உன் வீட்டில் மட்டும் ஏன் விளக்கு எரிகிறது? கடைசியில், இருட்டில் நடந்து வருகிற சொந்தத் தெருக்காரனையே சுட்டுக் கொல்கிறார்கள். சிரித்துக்கொண்டிருந்த அரங்கம் அந்த இடத்தில் அமைதியாகிவிட்டது.

வெளியே வந்து தேநீர் குடிக்கும்போது பக்கத்தில் நின்ற ஒரு முதியவர் சொன்னார்: "சின்னப் பையனா இருந்தப்போ இதை வீட்ல எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். ரஷ்யாக்காரனைப் பத்திச் சொல்றாருன்னுதான் எங்கப்பா சொன்னார். எங்கப்பா கறுப்பர்களை வீட்டுக்குள்ள விடமாட்டார். ஆனா இந்தக் கதை அவருக்கு ரொம்பப் பிடிக்கும்."

முகமூடிக்கு விலை உண்டு என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. செய்தி வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. ஆனால் யாரைப் பற்றிச் சொல்கிறோமோ அவர், 'இது என்னைப் பற்றி அல்ல' என்று சொல்லிக்கொண்டு, கைதட்டி ரசித்துவிட்டு எழுந்து போகவும் முடிகிறது.

அந்த நேரத்தில்தான் பின்னாலிருந்து "தமிழா?" என்று ஒரு குரல் கேட்டது. கணவன், மனைவி, ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை. அவரும் செர்லிங் ரசிகர்தான். மேப்பிள் தெருவைப் பற்றி எங்களைவிட நன்றாகப் பேசினார். சந்தேகம் எப்படி ஒரு சமூகத்தை அழிக்கும் என்று அழகாகச் சொன்னார். பிறகு கேட்டார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"விழுப்புரம் மாவட்டம், அண்ணா."

"விழுப்புரத்துல எங்க?"

ஊர்ப்பெயர் சொன்னோம்.

"அட, அங்க எங்க சொந்தக்காரங்க இருக்காங்களே! நீங்க எந்தத் தெரு?"

எங்களில் ஒருவர் சொன்ன பதில்: "மெயின் ரோட்டுப் பக்கம்."

அது பொய். மெயின் ரோட்டைத் தாண்டி, ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போனால்தான் எங்கள் வீடுகள். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் சொல் போனாலும் கேள்வி போகவில்லை. பல்லாயிரம் மைல் தள்ளி, ஒரு வெள்ளைக்கார ஊரின் பூங்காவில், அது எங்களைத் தேடி வந்து நின்றது.

அன்று இரவு அறையில் நாங்கள் இருவரும் சண்டை போட்டோம். "எதுக்குப் பொய் சொன்ன?" என்று ஒருவர். "நீயும்தானே பக்கத்துல நின்ன, நீ சொல்லியிருக்கலாமே?" என்று மற்றவர். ஒருவருக்குக் கூட வேலை செய்யும் இந்தியர்களைப் பற்றிய பயம். இன்னொருவருக்கு வீட்டு வாடகைக்குப் பட்ட அனுபவம். இரண்டும் உண்மையான பயங்கள்தான். அதனால் யாரையும் குற்றம் சொல்ல முடியவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. செர்லிங்கின் கதையிலிருந்து டில்லின் பெயரை எடுக்க மிரட்டல் கடிதங்கள் தேவைப்பட்டன. எங்கள் பெயரை எடுக்க "எந்தத் தெரு?" என்ற இரண்டு சொற்கள் போதுமாக இருந்தன. மீதி வேலையை நாங்களே செய்துகொண்டோம்.

நம் சினிமாவிலும் இது நடக்கிறது. 1995இல் காவல்துறை சூறையாடிய கொடியன்குளம், 2021இல் 'கர்ணன்' படத்தில் பொடியன்குளம் ஆனது. படம் வெளியான பிறகும் ஆண்டைப் பற்றிச் சர்ச்சை வந்து, அது 1990களின் பிற்பகுதி என்று மாறியது. அதே ஆண்டு வந்த 'ஜெய் பீம்' படத்தில், உண்மையில் குறவர் சமூகத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு இருளராகக் காட்டப்பட்டார். அந்தப் படங்கள் இல்லாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. அவை இல்லாவிட்டால் பல வீடுகளுக்குள் அந்தச் செய்தி நுழைந்தே இருக்காது. செர்லிங்கையும் அப்படித்தான் பார்க்கிறோம். அவர் கோழை அல்ல. 1964இல், வெறுப்பினால் ஓர் ஊரில் சூரியன் உதிக்காமலே போகும் கதையை எழுதினார். கடைசியில் எங்கெல்லாம் இருள் பரவுகிறது என்று வானொலி அறிவிக்கும்போது அலபாமாவின் பர்மிங்காம் பெயரும் வருகிறது. டில் கொலைக்குப் பிறகு, தெற்கின் ஓர் ஊரைப் பெயர் சொல்லிக் காட்ட ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆனால் அந்த ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே இன்னொருவர் முகமூடியைத் தூக்கி எறிந்திருந்தார். எம்மெட்டின் அம்மா மேமி டில். அடையாளம் தெரியாமல் சிதைந்திருந்த மகனின் முகத்தை மூடாமல், சவப்பெட்டியைத் திறந்தே வைக்கச் சொன்னார். சிகாகோவில் பல்லாயிரம் பேர் வந்து பார்த்தார்கள். கறுப்பினப் பத்திரிகைகள் அந்தப் படத்தை அச்சிட்டன. தொலைக்காட்சி எந்த முகத்தை மாற்றிக்கொண்டே இருந்ததோ, அந்த முகத்தை ஒரு தாய் உலகத்துக்குக் காட்டினார். 2022இல் அமெரிக்கா கும்பல் கொலையைக் கூட்டாட்சிக் குற்றமாக்கிச் சட்டம் கொண்டுவந்தபோது, அந்தச் சட்டத்துக்கு எம்மெட் டில்லின் பெயரைத்தான் வைத்தார்கள்.

மறுநாள் காலையில் செர்லிங் சிலையைப் பார்க்கப் போனோம். 2024இல் அந்தப் பூங்காவில் வைத்த வெண்கலச் சிலை. குழந்தைகள் தொட்டு விளையாடினார்கள். தொலைவில் மிசிசிப்பியில், டில்லின் உடல் கிடைத்த ஆற்றங்கரையில் வைத்த நினைவுப் பலகையைத் திரும்பத் திரும்பச் சுட்டதால், 2019இல் குண்டு துளைக்காத பலகை வைத்தார்கள். நம் ஊரில் அண்ணல் அம்பேத்கர் இரும்புக் கூண்டுக்குள் நிற்கிறார். உவமையாகச் சொன்னவருக்குக் காவல் தேவைப்படவில்லை. பெயர் சொல்லிக் கேட்டவர்களுக்குத்தான் இன்னும் தேவைப்படுகிறது.

ராட்டினத்தின் பக்கத்தில் அதே குடும்பம். பெண் குழந்தை கையில் ஒரு காகிதக் கோப்பை. எங்களைப் பார்த்துச் சிரித்தாள். நாங்கள் அவள் அப்பாவிடம் போனோம்.

"அண்ணா, நேத்து மெயின் ரோட்டுப் பக்கம்னு சொன்னோம். அது இல்ல. ஏரிக்கரைக்கு அந்தாண்ட, காலனி. உங்க சொந்தக்காரங்களுக்குத் தெரியும்."

அவர் ஒரு நொடி ஒன்றும் சொல்லவில்லை. "ஓ... சரி, சரி" என்றார். குழந்தை ஏறிய குதிரையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அவர் மனைவிதான் கொஞ்ச நேரம் கழித்து, "சாப்ட்டீங்களாப்பா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் பேசினோம். முடிவுக்கு வரவில்லை. ஆனால் முந்தின இரவைப் போல நாங்கள் சண்டை போட்டுக்கொள்ளவில்லை.

இளம் தோழர்களே, கதை எழுதுங்கள், குறும்படம் எடுங்கள். வேற்றுக்கிரகவாசியை வைத்துச் சொன்னால்தான் ஒரு வாசல் திறக்கும் என்றால் அப்படியே சொல்லுங்கள். பயமாக இருக்கும் இடத்தில் உங்கள் தெருவைச் சொல்லாமல் இருப்பதும் குற்றம் அல்ல. ஆனால் உங்கள் கதைக்குள் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்பதை அவருடைய பெயரோடும் ஊரோடும் தேதியோடும் எங்காவது ஓரிடத்தில் எழுதி வைத்துவிடுங்கள். மேமி டில் சவப்பெட்டியை மூடச் சொல்லியிருந்தால், செர்லிங்கின் நாடகங்களிலிருந்து மட்டும் எம்மெட் என்ற சிறுவனை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது.