பேட்டனுக்குத் தமிழ் என்ன?



போன வாரம் பேத்தி ஆங்கிலப் புத்தகத்தோடு வந்து, "தாத்தா, பேட்டன்னா தமிழ்ல என்ன?" என்று கேட்டாள். சட்டென்று சொல்ல முடியவில்லை. போலீஸ்காரர் கையில் இருந்தால் அது லத்தி. இசைக்குழுவை நடத்துகிறவர் கையில் இருந்தால் சிறு கோல். தொடர் ஓட்டக்காரர் கையில் இருப்பதை நாம் பேட்டன் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே சொல்.

நம்மிடமும் கோல் என்ற ஒரு சொல்லுக்குள் எழுதுகோல், அளவுகோல், துலாக்கோல், ஊன்றுகோல், செங்கோல் எல்லாம் இருக்கின்றன. வள்ளுவர் செங்கோன்மைக்கு ஓர் அதிகாரம் வைத்து, அடுத்ததாகவே கொடுங்கோன்மையை வைத்திருக்கிறார். என் கையில் இருந்தது பிரம்பு. உங்களில் பலருக்கு அது மறந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை பேத்திக்குச் சாரல் காட்ட, தென்காசியிலிருந்து குற்றாலம் போனோம். முழங்கால் வலிக்கு ஊன்றுகோல் வைத்திருக்கிறேன். பேரருவிப் பக்கம் நல்ல கூட்டம். லத்தியும் விசிலுமாக நின்ற ஏட்டு ஒருவர், "சார், நல்லா இருக்கீங்களா?" என்று ஓடி வந்தார். என்னிடம் ஏழாம் வகுப்புப் படித்தவன். பெயர் வேண்டாம்.

பார்த்ததும் எனக்குப் பழைய விளையாட்டுப் போட்டி ஒன்று நினைவுக்கு வந்தது. நானூறு மீட்டர் தொடர் ஓட்டம். மூன்றாவதாக ஓட நின்றவன் இவன். கோல் மாறும்போது பேட்டன் கீழே விழுந்தது. கடைசியாக வந்தோம். மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் இவனை அடித்தேன்.

"அன்னைக்கு உன்னை அடிச்சிருக்கக் கூடாதுப்பா" என்றேன்.

சிரித்தான். "அது என் கைக்கு வரவே இல்ல சார். கொடுத்தவன் முந்தியே விட்டுட்டான்."

"அப்பவே சொல்லியிருக்கலாமேடா?"

"நீங்க கேக்கலியே சார்."

எனக்குப் பேச்சு வரவில்லை. "பாசி வழுக்கும், பாத்து வாங்க" என்று லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, என் கையைப் பிடித்து ஈரப்பாறையைத் தாண்டிவிட்டான். வழுக்கும் நிலத்தில் ஊன்றுகோல் உதவுவதுபோல ஒழுக்கமுடையவர் வாய்ச்சொல் உதவும் என்ற குறளை எத்தனை வருஷம் நடத்தியிருப்பேன்! நடத்தும்போது மேசைமேல் பிரம்பும் கிடந்தது.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்தபோது, "இனி எப்படிப் பாடம் நடத்துவது?" என்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். சட்டம் வந்த பிறகுதான் பிரம்பைக் கீழே வைத்தேன். தானாக வைக்கவில்லை.

அந்த பேட்டன் ஒரு சாண், ஒன்றேகால் சாண் நீளம்தான். வாங்குகிறவன் திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டி ஓடுவான். அவன் பிடித்துவிட்டானா என்று பார்த்துத்தான் கொடுக்கிறவன் விடவேண்டும். கீழே விழுந்தால், தவறவிட்டவனே எடுக்க வேண்டும் என்பது விதி. எடுத்து ஓடலாம், ஓட்டம் அதோடு முடிந்துவிடாது.

அன்று அவனுக்கு பேட்டனைக் கொடுத்தவனும் இதைப் படிப்பான். உன்னைக் குறை சொல்ல எழுதவில்லையப்பா. அன்று தவறவிட்டவன் நான்தான். முப்பது வருஷம் கழித்துக் குனிந்து எடுக்கிறேன். கேட்காமல் அடித்த எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களே, முதலில் கேளுங்கள்.

பேத்திக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. உங்களுக்குத் தோன்றும் தமிழ்ச் சொல்லைக் கீழே எழுதுங்கள்.