திறவுகோல் எங்கே?

தில்லைக்கு வெளியே தயங்கி நின்ற நந்தனின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கோயிற் கதவு யாருக்குத் திறக்கும், யாருக்கு மூடும் என்று வழக்காடக் கற்றோம். ஊர் நூலகத்தின் கதவைப் பற்றி அவ்வளவு கவலை கொண்டோமா, தோழர்களே?

விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொதுநூலகச் சட்டம் கண்டது சென்னை மாகாணம், ஆண்டு 1948. அதற்காக உழைத்தவர், கொள்ளிடத்துக்குத் தெற்கே சீர்காழியில் 1892-இல் பிறந்த அரங்கநாதன். நூல் அடுக்கிக் காப்பதற்கன்று, பயன்படுவதற்கே என்பதை நூலகவியலின் முதல் விதியாக்கியவர் அவர். 2006-இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் சிற்றூர்களில் நூலகங்களை எழுப்பியது.

ஆனால் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில் நாம் கண்டதென்ன? பிள்ளைகள் பள்ளியில் இருக்கையில் நூலகம் திறந்திருந்தது. அவர்கள் வீடு திரும்புகையில் பூட்டிக் கிடந்தது. சொல்லிச் சொல்லி, மாலையிலும் திறக்க வைத்தோம். பிள்ளைகள் வந்தனர், வாயிலிலேயே நின்றனர். படம் நிறைந்த நூலொன்றை நீட்டினோம். ஒரு சிறுமி கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, "நான் தொடலாமா?" என்றாள்.

அந்த வினாவை அவளுக்குக் கற்பித்தது எந்த நூலும் அன்று, ஊர்! "தொடு, புரட்டு, வீட்டுக்கும் எடுத்துச் செல்" என்றோம். கிழிந்த தாளை ஒட்டிவிடலாம். கிழிந்த ஆசையை ஒட்டப் பசை ஏது?

கதையைப் பாதிவரை உரக்கப் படிப்போம். மீதியை நூலில் தேடச் சொல்வோம். தேர்வில்லை, அதட்டலில்லை. நூல் வழங்கும் பதிவேட்டையும் பிள்ளைகளிடமே ஒப்படைத்தோம். சில கிழமைகளில் அச்சிறுமி, எழுத்தறியாத தன் பாட்டிக்கு இரவில் படித்துக் காட்டுவதாகச் சொன்னாள். ஒரு நூல் இரு தலைமுறைக்கு விளக்கேற்றிவிட்டது!

இது தருமமன்று. வீட்டுவரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலகத்துக்கென்றே வசூலாகிறது. கொடுப்பவர் கேட்பது உரிமை. 1931-இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்குக் கொண்டுசென்றனர். சாலையும் கட்டடமும் அமைந்த பிறகு, நாம் பூட்டைத் தொங்கவிடுவதா?

இளைஞர்களே! மாலை ஐந்து மணிக்கு உங்கள் ஊர் நூலகத்தின் முன் சென்று நில்லுங்கள். திறந்திருந்தால், பிள்ளைகளோடு உள்ளே அமர்ந்து படியுங்கள். பூட்டியிருந்தால், கிராம சபையில் எழுந்து ஒரே கேள்வி கேளுங்கள்: திறவுகோல் எங்கே?